முப்பத்தொன்பது பல்

8 செப்டம்பர் 1996, ஞாயிறு

புது டயர் மாட்டியாகிவிட்டது. பழையது இருபத்தொன்பது அங்குல உயரம், இது முப்பத்துமூன்று. ராணுவ ஏலத்தில் எடுத்த என் ஜீப் இன்றைக்குத்தான் ஜீப் மாதிரி நிற்கிறது. மகேஸ்வரி வாசலுக்கு வந்து பார்த்தாள். "ஏனுங்க, இதுல ஏறுறதுக்கு ஏணி எப்ப வருது?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். கட்டிய மனைவிக்கு ரசனை இல்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

15 செப்டம்பர்

சாமுண்டி மலைக்கு ஜீப்பில் போனேன். அதாவது, பாதி மலைக்கு. முதல் கியரிலேயே முக்கி முனகி, கிளட்ச் கருகும் நாற்றம் வந்து நின்றுவிட்டது. டவுன் பஸ் தாண்டிப் போனது, சரி. நடந்து ஏறிக்கொண்டிருந்த ஒரு குடும்பமும் தாண்டிப் போனது. அந்த வீட்டுக் குழந்தை எனக்கு டாட்டா வேறு காட்டியது.

16 செப்டம்பர்

பன்னிமண்டபத்தில் மாரிசாமியின் மெக்கானிக் ஷெட். "சக்கரம் தொட்டதாயித்து, பெரிசாயிடுச்சு ஸார். ஒரு சுத்துக்கு ஜாஸ்தி தூரம் போகணும். இன்ஜின் அதே பழைய இன்ஜின்தானே? அதுக்கு மூச்சு வாங்காதா?" என்றான். அச்சுக்குள் ஒரு பெரிய பல்சக்கரம், கிரவுன்; அதைச் சுற்றிவிடும் சின்னது, பினியன். பெரியதன் பல்லைச் சின்னதன் பல்லால் வகுத்தால் வருவதுதான் விகிதம். என்னுடையது 47க்கு 11. அதாவது 4.27. இந்த டயருக்குப் போதாது, மாற்ற வேண்டும்.

17 செப்டம்பர்

ஆபீசில் வேலையே ஓடவில்லை. கணக்குப் போட்டேன்:

4.27 × 33 ÷ 29 = 4.86.

கடையில் கிடைப்பது இரண்டு. 39க்கு 8 என்றால் 4.87. 43க்கு 8 என்றால் 5.37. மாரிசாமி நாற்பத்துமூன்றுதான் போட வேண்டும் என்கிறான். "செவுத்துல கூட ஏறும் ஸார், சும்னே யோசிக்காதீங்க." ஏறும். ஆனால் குண்டலுபேட்டை ரோட்டில் ஐம்பதைத் தாண்டினால் இன்ஜின் கத்தியே செத்துவிடும். நான் கம்பெனியில் இன்ஸ்பெக்ஷன் பிரிவு. மயிரிழை தப்பினாலும் சாமானைத் திருப்பி அனுப்புகிறவன். முப்பத்தொன்பதுதான். முடிவு.

22 செப்டம்பர்

ஹனூரிலிருந்து மகேஸ்வரியின் அண்ணன், என் மச்சினர் சித்தையன் வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்தார். தோட்டத்து மேட்டின்மேல் புது வீடு கட்டி முடித்துவிட்டார். நவம்பர் 14 கிரகப்பிரவேசம். பிறந்தவள் சீராக நாங்கள் பீரோ எடுப்பதாகப் பேச்சு.

"அந்த மேடு சாமானியமில்லீங் மாப்ள. பீரோவைக் கீழயே எறக்கிருங்க, நம்ம டிராக்டர்ல ஏத்திக்கலாமுங்."

எனக்கு எங்கிருந்து ரோஷம் வந்ததோ! வாசற்படி வரைக்கும் என் ஜீப்பில்தான் வரும் என்று சொல்லிவிட்டேன். அவர் போனதும் மகேஸ்வரி பிடித்துக்கொண்டாள்.

"மேட்டுல ஏறலைன்னா?"

"வித்துடறேன்."

"என் தலைமேல கை வெச்சுச் சொல்லுங்க."

வைத்தேன். சொன்னேன். அவசரப்பட்டுவிட்டேனோ?

12 அக்டோபர்

பின் அச்சுக்கு 39க்கு 8, புது செட், மாட்டியாயிற்று. முன் அச்சுக்குப் புதிது கிடைக்கவில்லை. குண்டலுபேட்டையில் உடைத்துப் போட்ட ஒரு ஜீப்பிலிருந்து கிரீஸ் அப்பிய ஒரு செட் கிடைத்தது. "எண்ணிப் பாத்துட்டுக் கொடுங்க ஸார்" என்றான் மாரிசாமி. "முன்னாடி ஒரு கணக்கு, பின்னாடி ஒரு கணக்குன்னா, நாலு சக்கரத்துக்கும் பவர் கொடுக்கறப்ப ரெண்டு அச்சும் சண்டை போட்டு ஜகளம் ஆடும்." பல் எண்ணுவதை இவன் எனக்குச் சொல்லித் தருகிறான்!

20 அக்டோபர், ஆயுத பூஜை

காலையிலிருந்து கம்பெனி பூஜை, சுண்டல், பொரி. வீட்டுக்கு வந்தால் என் கிரவுனும் பினியனும் மணைமேல் சாமிக்கு முன்னால் இருக்கின்றன. மகேஸ்வரி பொட்டு வைத்து, பூவும் போட்டிருக்கிறாள். நான் இன்னும் எண்ணவே இல்லை! கையை நீட்டினேன்.

"பூஜையில வெச்சதைத் தொடாதீங்க. நாளைக்குத்தான் எடுக்கோணும்."

தொடாமல் எண்ணக்கூடாது என்று எந்த சாஸ்திரமும் சொல்லவில்லையே? பினியன் பார்த்ததுமே தெரிந்தது, எட்டு. கிரவுனில் பல்மேல் ஒரு குங்குமப் பொட்டு. அதையே ஆரம்பமாக வைத்துக்கொண்டு, முட்டி போட்டு, மணையைச் சுற்றி நகர்ந்து ஒவ்வொரு பல்லாக எண்ணினேன். பொட்டு திரும்ப வந்தபோது முப்பத்தொன்பது. துல்லியமாக முப்பத்தொன்பது! எழுந்து பார்த்தால் மகேஸ்வரிக்குக் கண் கலங்கியிருந்தது. சாமியை வலம் வருகிறேன் என்று நினைத்துக்கொண்டாளாம். அப்படியே இருக்கட்டும்.

22 அக்டோபர்

முன் அச்சும் மாட்டியாயிற்று.

27 அக்டோபர்

சாமுண்டி மலை, உச்சி வரைக்கும், இரண்டாம் கியரில்! டவுன் பஸ்ஸைத் தாண்டினேன். நாலு சக்கர பவரைத் தார் ரோட்டில் போடக்கூடாது, அதனால் போட்டுப் பார்க்கவில்லை. கணக்கு சரியாக இருக்கும்போது என்ன சோதனை?

14 நவம்பர்

எழுதியே தீர வேண்டும்.

மேட்டின் அடிவாரம் வரைக்கும் ராஜா மாதிரி வந்தோம். பின்னால் பீரோ, கயிறு போட்டுக் கட்டியது. மேலே புது வீட்டு வாசலில் பந்தல், மேளம், ஹனூர்ப் பெண்கள் அத்தனை பேரும். நாலு சக்கர லீவரை இழுத்தேன். கிளட்ச்சை விட்டேன்.

ஜீப் குதித்தது. முன்சக்கரம் வேண்டாம் என்றது, பின்சக்கரம் போ என்றது. ஸ்டீயரிங் திரும்பவில்லை. காய்ந்த கல் தரையில் டயர் வீல் வீல் என்று கத்திக்கொண்டு பத்தடி ஏறி, டமார் என்று ஒரு சத்தம் — இன்ஜின் நின்றுவிட்டது. மேளமும் நின்றுவிட்டது. பீரோ கட்டியிருந்த கயிறு அறுந்ததும் அப்போதுதான்.

சித்தையன் டிராக்டரோடு தயாராகவே இருந்திருக்கிறார், மனுஷன். சங்கிலி மாட்டினார். நான் பீரோவைப் பின்னாலிருந்து தாங்கிப் பிடிக்காவிட்டால் அது கீழே போய்விடும். அப்படியானால் ஸ்டீயரிங்கை யார் பிடிப்பது?

மகேஸ்வரி பட்டுப்புடவைக் கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். ஏணி கேட்கவில்லை.

"பிரேக் எதுங்க?"

"நடுவுல இருக்கறது."

"சரி, நீங்க பீரோவைப் பாருங்க."

டிராக்டர் இழுக்க, அவள் கல்லுக்குக் கல் வளைத்துக்கொண்டு போனாள். பின்னால் நான், பீரோ கண்ணாடியில் என் மூஞ்சியையே பார்த்துக்கொண்டு, புழுதி தின்றுகொண்டு. வாசலில் பெண்கள் குலவை போட்டார்கள். யாருக்குப் போட்டார்கள் என்பது எனக்குத் தெரியும்.

15 நவம்பர்

அழுகையாக வருகிறது. சத்தியம் செய்தது அவள் தலைமேல். விற்றுத்தான் ஆக வேண்டும்.

18 நவம்பர்

மாரிசாமி முன் அச்சைப் பிரித்தான். எண்ணினான். நாற்பத்துமூன்று. நான் எண்ணினேன். நாற்பத்துமூன்றேதான்.

வீட்டுக்கு வந்து பொட்டைப் பற்றிக் கேட்டேன். "மொதப் பொட்டு கிரீஸ்ல லேசா வழிஞ்ச மாதிரி இருந்துச்சுங்க. நாலு பல்லு தள்ளி இன்னொண்ணு வெச்சேன்" என்றாள் நிதானமாக. ஒரு பொட்டில் ஆரம்பித்து அடுத்த பொட்டில் நிறுத்தியிருக்கிறேன். பதினாறு வருஷ இன்ஸ்பெக்ஷன் சர்வீஸ்!

20 நவம்பர்

கன்னடப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தேன். 'ஜீப் விற்பனைக்கு.' இரண்டே வார்த்தை, எழுத அரை மணி நேரம் ஆயிற்று.

1 டிசம்பர், ஞாயிறு

சாமராஜநகரிலிருந்து பசவராஜ் என்று ஒருவர் வந்தார். டயரைத் தட்டிப் பார்த்தார், இருக்கையில் உட்கார்ந்து பார்த்தார், முகம் மலர்ந்தது. அச்சு விகிதம் என்ன என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மகேஸ்வரி கன்னடத்தில் ஆரம்பித்துவிட்டாள். முன்னால் நாற்பத்துமூன்று, பின்னால் முப்பத்தொன்பது, இரண்டும் ஒத்துப்போகாது, நாலு சக்கரத்தையும் ஓடவிட்டால் ஆடு மாதிரி குதிக்கும், வீட்டில் குழந்தைகள் இருந்தால் யோசித்து வாங்குங்கள். காபியைக்கூட முடிக்காமல் அவர் எழுந்து போய்விட்டார்.

"உன் தலைமேல சத்தியம் பண்ணியிருக்கேன். ஏறலைன்னா விக்கறேன்னு சொன்னேனே?"

"ஏறுச்சுங்களே" என்றாள். "நான்தானுங்க ஓட்டிட்டு ஏறுனேன்? டிராக்டர் முன்னால போய்ட்டிருந்துச்சு, அவ்வளவுதான்."

விளம்பரம் வந்த பத்திரிகையை மடித்துப் பரணில் போட்டேன்.

3 டிசம்பர்

ஷெட்டுக்கு அவளும் வந்தாள். முன்னால் இருப்பதை முப்பத்தொன்பதாக மாற்றுவதா, பின்னால் இருப்பதை நாற்பத்துமூன்றாக மாற்றுவதா? நான் கணக்குக் காகிதத்தை எடுத்தேன். அவள் அதை வாங்கி மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். "மேடு ஏறத்தானே வண்டி? நாப்பத்திமூணே போடுங்க." மாரிசாமி சிரித்த சிரிப்பை ஆயுசுக்கும் மறக்கமாட்டேன்.

15 டிசம்பர்

தொட்டகெரே மைதானத்தில் எட்டுச் சுற்று. நான் இடப்பக்க இருக்கையில். வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு. பொங்கலுக்கு ஹனூர் போகிறோம். டிராக்டர் வேண்டாம் என்று அண்ணனுக்குக் கடிதம் எழுதிவிட்டாளாம். ஓட்டப்போவது யார் என்று நான் கேட்கவில்லை.