மூன்று மாத ரொட்டி

அக்கா,

இன்று காலை சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் சிவகிரி வண்டிக்காக நின்றேன். நேற்று உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. பாத்திரங்களையெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, விடிந்ததும் ஒன்றும் சாப்பிடாமல் கிளம்பிவிட்டேன். எதிரே ரொட்டிக்கடையில் அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்திருந்தார்கள் போல, வாசனை ரோட்டைத் தாண்டி வந்தது. பசி தாங்காமல் போய் ஒரு ரொட்டி கேட்டேன். கடைக்காரர் காகிதத்தில் சுற்றிக்கொண்டே, "யாருக்கும்மா காச்சல்?" என்று கேட்டார்.

அவர்மேல் தப்பில்லை. நம் பக்கத்தில் ரொட்டி என்றால் அது காய்ச்சல்காரருக்கு. திடமாக இருக்கிற யாரும் அதைத் தொடுவதில்லை. "காச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்குத்தான், பசிக்கு" என்றேன். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து பிய்த்துத் தின்றேன். தின்னத் தின்ன உன்மேல் கோபம் ஏறியது. செத்தவளைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லி எழுத வேண்டும்தான். அதற்கு நீ வேறு ஆளைப் பார்த்துக்கொள்.

அம்மாவும் அப்பாவும் ஒரே வருஷத்தில் போனதும் என்னை உன் வீட்டுக்குக் கூட்டி வந்தாய். அரிசிக்கு ரேஷன் இருந்த காலம். இருந்தும் அத்தான் நூல் வியாபாரத்தில் யாரையோ பிடித்து மூட்டை மூட்டையாக அரிசி இறக்கினார், எனக்கும் வயிறு நிறையப் போட்டாய். இல்லை என்று சொல்லவில்லை. நானும் நன்றாகத் தின்றேன், நன்றாகவே பருத்தேன். நீயோ சவுக்குக் கம்பு மாதிரி இருப்பாய். உன் இடுப்புக்குச் சேலை எத்தனை சுற்று வருகிறது என்பதைத் தெருவில் கேட்காதவர்களுக்கும் சொல்வாய்.

சித்திரையில் வாசுதேவநல்லூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பள்ளிக்கூட வாத்தியார், கூட அவர் அம்மா. நான் கேசரித் தட்டை வைத்துவிட்டுத் திரும்பும்போது அவர் தலையை நிமிர்த்தி, "இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்று கேட்டார். அவர் அம்மா சிரித்துவிட்டாள். "பொண்ணு நல்லா வாட்டசாட்டமா இருக்கா. எங்க வீட்டுக்கு இப்படித்தான் வேணும்" என்று உன் முன்னாலேயே சொன்னாள். ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்துத்தான் எழுந்தார்கள். எனக்கு அவரைப் பிடித்திருந்தது அக்கா. இதை உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

அவர்களுக்குப் பிடித்த உடம்பு உனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த வாரம் அத்தானோடு மதுரைக்குப் போனாய். அங்கே ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா யாரோ ஒரு பருத்த பெண்ணிடம், சோற்றை அடியோடு நிறுத்து, காலையும் மாலையும் ரெண்டு துண்டு ரொட்டியும் மோரும் போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம். அதைப் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு வந்து, டாக்டர் எனக்கே எழுதிக் கொடுத்தது மாதிரி நடத்தினாய். "ஏட்டி, இன்னும் ஒரு சுத்து பெருத்தா பந்தல்ல உன்னைய ரெண்டு பேரா எண்ணிருவாவ" என்றாய். அன்றோடு எனக்குச் சோறு நின்றது.

மறுநாளே அத்தானோடு என்னை ரயிலடிக்குக் கூட்டிப் போனாய். அத்தானுடைய நூல் மூட்டைகளை நிறுக்கிற பார்சல் தராசில் ஏற்றி நிறுத்தினாய். குமாஸ்தா எடைக்கல்லை நகர்த்தி, "நூத்தி அறுவத்தி ரெண்டு ராத்தல்" என்று உரக்கப் படித்துவிட்டு, "எந்த ஊருக்கு அண்ணாச்சி புக் பண்ணணும்?" என்று அத்தானைப் பார்த்துக் கேட்டான். அத்தான் பாவம், தலையைக் குனிந்துகொண்டார். நீ சிரித்தாய். வாரம் ஒருமுறை அந்தத் தராசில் நின்றேன். வாரா வாரம் குமாஸ்தா ஏதாவது சொன்னான், வாரா வாரம் நீ சிரித்தாய்.

தினமும் சாயங்காலம் அத்தான் வரும்போது ஒரு ரொட்டி வாங்கி வருவார். நீ அளந்து அறுத்துத் தருவாய். மிச்சத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொள்வாய். நான் மோரில் முக்கித் தின்னும்போது என் எதிரிலேயே உட்கார்ந்து புளிக்குழம்பும் வாழைக்காய் வறுவலுமாகச் சாப்பிடுவாய். நீ எவ்வளவு தின்றாலும் உன் உடம்பில் ஒட்டாது என்பதை எனக்குக் காட்டவே இன்னும் ஒரு கை போட்டுக்கொள்வாய் என்று தோன்றும். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வரும். குடத்தை இடுப்பில் வைத்தால் கால் நடுங்கும். ஆவணி வரைக்கும்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கோவிலில் ஆடித்தபசுத் திருவிழா வந்தது. ஊரெல்லாம் கூட்டம். தபசு பார்க்க வந்த வாத்தியாரின் அம்மா, சம்பந்தி வீடாயிற்றே என்று சொல்லாமல் கொள்ளாமல் காலையிலேயே வாசலில் வந்து நின்றாள். அப்போது நான் தட்டில் ரொட்டியோடு உட்கார்ந்திருந்தேன். அவள் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ரொட்டி யாருக்கு? வீட்டுல யாருக்கும் மேலுக்குச் சரியில்லையா?"

நீ உண்மையைச் சொல்லியிருக்கலாம். பருமனைக் குறைக்கிறோம் என்று சொன்னால், குண்டுப் பெண்ணை அவர்கள் தலையில் கட்டப் பார்த்தோம் என்று ஆகிவிடுமோ என்று உனக்கு வெட்கம். சரி, உண்மை வேண்டாம். எனக்குத்தான் மதினி, ரெண்டு நாளாக வயிறு சரியில்லை என்று உன் பேரையாவது சொல்லியிருக்கலாம். கல்யாணமாகி வீடு வாசலோடு இருந்தவள் நீ, உனக்கு ஒரு காய்ச்சல் வந்தால் யார் என்ன செய்யப் போகிறார்கள்? ஆனால் உனக்கு நோய் என்று ஒரு வார்த்தை வெளியே போவதைக்கூட உன்னால் பொறுக்க முடியாது. என்னைக் கைகாட்டினாய்.

"இவளுக்குத்தான். நேத்துலேருந்து லேசாக் காச்சல்."

"நேத்துலேருந்தா? அதுக்குள்ள கழுத்தெலும்பு இப்படித் துருத்திட்டு நிக்கி?"

அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. போகிற வழியில் ரொட்டிக்கடையில் நின்று, அந்த வீட்டுக்கு எத்தனை நாளாக ரொட்டி போகிறது என்று கேட்டிருக்கிறாள். கடைக்காரர் உள்ளதைச் சொல்லியிருக்கிறார், மூன்று மாதமாக ஒருநாள் தவறாமல் போகிறது என்று. இதை அத்தான் வெகுநாள் கழித்து என்னிடம் சொன்னார். மூன்று மாதக் காய்ச்சல் என்றால் அது காசநோய்தான் என்று அந்த அம்மாளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாலாம் நாள் தபால் வந்தது. பெண்ணுக்கு உடம்பு தேறட்டும், அவசரமில்லை என்று மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். பேசிவைத்த அதே ஆவணியில் வாத்தியாருக்கு வேறு பெண்ணோடு கல்யாணம் நடந்தது.

அன்றைக்கு நீ போட்ட சத்தம் எனக்கு மறக்கவில்லை. "இனிமே இந்த வீட்டுக்குள்ள ரொட்டி வரப்படாது!" ஏதோ ரொட்டிதான் வாயைத் திறந்து பொய் சொன்னது மாதிரி. போகட்டும், சோறாவது திரும்ப வரும் என்று நினைத்தேன். ஒரு கைப்பிடி வைத்தாய். "அடுத்த இடம் வரும்போது திரும்பவும் பெருத்துப்போய் நிக்காத" என்றாய். ஆக, வயிற்றுக்குச் சோறும் இல்லை, ரொட்டியும் இல்லை. இன்னும் இளைத்தேன். இளைக்க இளைக்க, ஊர் பேசியது நிஜம் என்று ஆயிற்று. தண்ணீர் எடுக்கப் போனால் பெண்கள் தங்கள் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். எதிர்வீட்டில் எனக்கென்று தனியாக ஒரு தம்ளர் வைத்தார்கள். இவளுக்கு ஒரு நோயும் இல்லை, நான்தான் பட்டினி போட்டேன் என்று நீ ஒருத்தியிடம் சொல்லியிருந்தால் போதும். மறுநாளே ஊரெல்லாம் பரவியிருக்கும். நீ சொல்லவில்லை.

ஏழு வருஷம் ஒரு இடமும் வரவில்லை. கடைசியில் சிவகிரியில் பெண்டாட்டியை இழந்தவருக்கு வாழ்க்கைப்பட்டேன். மாமியார் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே, "இருமல் உண்டா?" என்பதுதான். அவர் நல்ல மனுஷன், குறை சொல்ல மாட்டேன். அங்கே போய்ப் பயமில்லாமல் சாப்பிட்டேன். இப்போது எத்தனை ராத்தல் இருக்கிறேனோ, எனக்குத் தெரியாது.

உன் வயிற்றில் கட்டி என்று அத்தான் ஆள் அனுப்பியபோது வந்தேன். பாசத்தில் வந்தேன் என்று நினைத்துக்கொண்டாயோ என்னவோ. நான் வந்தது ஒரு வார்த்தை கேட்க. தங்கச்சி, அன்னைக்கு நான் உன் பேரைச் சொல்லியிருக்கக் கூடாது என்று நீ சாவதற்குள் சொல்வாய் என்று இரண்டு மாதம் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் காத்துக் கிடந்தேன். உன்னைத் துடைத்தேன், திருப்பிப் படுக்க வைத்தேன், வாந்தி அள்ளினேன். ஒவ்வொரு முறை நீ வாயைத் திறக்கும்போதும் இதோ சொல்லப் போகிறாய் என்று நினைப்பேன். தண்ணீர் கேட்பாய்.

ஒருநாள் மத்தியானம் தெருப் பெண்கள் பார்க்க வந்தார்கள். நீ தலையணையில் சாய்ந்துகொண்டு என்னைக் காட்டிப் பேச ஆரம்பித்தாய்.

"இவ அப்ப சாகக் கெடந்தவ. எலும்பும் தோலுமா இருந்தா. மூணு மாசம் வேளாவேளைக்கு ரொட்டி குடுத்து நாந்தான் பொழைக்க வச்சேன். அந்த நன்றிக்குத்தான் இப்ப என்னைய வச்சுப் பாக்கா."

நான் உன் முகத்தையே பார்த்தேன். பொய் சொல்கிறபோது உன் கண் ஒரு பக்கமாகப் போகும், எனக்குத் தெரியும். போகவில்லை. நீ அதை நம்பிவிட்டாய். நீ செய்தது உனக்கே நினைவில்லை. நான் எதற்காகக் காத்திருந்தேனோ அது இனிமேல் வராது என்று அப்போது தெரிந்துபோயிற்று. சத்தம் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. சாகப்போகிறவளிடம் என்னத்தைப் பேச என்று எழுந்து போய்க் கஞ்சியை இறக்கினேன்.

உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோது அதே பெண்கள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். எதிர்வீட்டு அத்தை, எனக்குத் தனித் தம்ளர் வைத்தாளே அவள்தான், "உனக்கு உசுரு குடுத்த அக்கா போயிட்டாளே மக்கா" என்று மாரில் அடித்துக்கொண்டாள். தெருவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவ்வளவு பேருக்கும் முன்னால் நான், "ஆமா அத்தை" என்று சொல்லித் தலையாட்டினேன்.

உன் பொய்யை என் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டுப் போனாய். மற்றதையெல்லாம் என்றைக்காவது விடுவேனோ என்னவோ, இதை விடமாட்டேன் அக்கா.