குண்டு குதித்த உயரம்

மார்ச் 3, செவ்வாய்

அக்காவின் பந்தய ஷூவுக்கு ஆயுள் எவ்வளவு? இன்று வீட்டில் இதுதான் சண்டை.

"மெத்தை செத்துப்போச்சுப்பா. கால் வெச்சா தூக்கியே குடுக்க மாட்டேங்குது."

அப்பா ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அடி தேயவே இல்லையேம்மா. பளபளன்னு இருக்கு."

மாதக் கடைசியில் நெடுந்தூர ஓட்டத்துக்கு அணித் தேர்வு. அக்காவின் வேகமோ வாரத்துக்கு வாரம் குறைகிறது. தேயாமலே ஒரு ஷூ சாகுமா?

மார்ச் 5

நூலகத்தில் தேடினேன். இந்த ஷூவின் நடு அடுக்கு நுரையாம்; உள்ளே கண்ணுக்குத் தெரியாத காற்றுக் குமிழிகள். மிதிபட மிதிபட, அமுங்கி எழும் துள்ளல் குறையும். அப்படியானால் வெளியே புதிதாக இருந்தாலும் உள்ளே களைத்திருக்கலாம். எவ்வளவு தூரம் ஓடிய பிறகு? ஒவ்வொரு புத்தகமும் ஒவ்வொன்று சொல்கிறது. ஓடுபவரின் எடை, தரை, கால் பதிக்கும் விதம் எல்லாம் சேர்ந்ததாம். சரி, நானே பார்த்துவிடுகிறேன்.

மார்ச் 7, சனி

சைக்கிள் கடைக்காரரிடம் ஓர் இரும்புக் குண்டு வாங்கிவந்தேன். சுவரில் அளவுகோலை ஒட்டி, ஷூவின் குதிகால் பகுதியில் குண்டைப் போட்டேன்.

"ஏய் ஆராய்ச்சி! என் ஷூவுல என்னடி கோலி விளையாடுறே?"

"உன் கட்சிக்குத்தான் சாட்சி தேடுறேன்."

வலது ஷூவில் குண்டு நன்றாகக் குதிக்கிறது. இடதில் மந்தம்.

மார்ச் 8

நான்தான் தப்பாகப் போட்டிருப்பேன். இடம் மாற்றிப் போட்டேன், தரை மாற்றிப் போட்டேன். இடதுதான் மந்தம்.

மார்ச் 10

கணக்கு வகுப்பில் மனம் நிற்கவில்லை. இரண்டும் ஒரே பெட்டியில் வந்தவை, ஒரே தூரம் ஓடியவை. இடதுக்கு மட்டும் ஏன் வயதாயிற்று? அதன்மேல் மட்டும் அதிக பாரம் விழுந்திருக்கிறது. அப்படியென்றால் — வலது கால்?

மாலையில் மைதானத்துக்குப் போனேன். ஷூவைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தேன். வலது காலை, சுடுகிற தரையில் வைத்தவள் போல, வைத்தவுடன் எடுத்துவிடுகிறாள்.

மார்ச் 11

"வலது கால் வலிக்குதாக்கா?"

"உளறாதே."

"உன் ஷூ சொல்லுது."

கணுக்காலுக்கு மேலே எலும்பில் ஓரிடம். விரல் பட்டதும் துடித்துப்போனாள். "அம்மாகிட்ட சொல்லிடாதடி. ஷூ மாத்தினா வலி போயிடும்னு நெனச்சேன். தேர்வு முடியட்டும்."

சொன்னால் தேர்வு போச்சு. சொல்லாவிட்டால் கால்? ஐயோ, நான் எதுக்கு அந்தக் குண்டைப் போட்டேன்!

மார்ச் 12

சொல்லிவிட்டேன்.

மார்ச் 14

எலும்பில் மயிரிழை விரிசல். "இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தா முறிஞ்சே போயிருக்கும்" என்றார் மருத்துவர். தேர்வு இல்லை. அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். தண்ணீர் கொண்டுபோனேன். வாங்கவில்லை.

மார்ச் 29

இன்று தேர்வு நடந்திருக்கும். நுரை ஓய்வில் கொஞ்சம் மீளும் என்று படித்தேன். எலும்பும் மீளுமாம். அக்கா என்னோடு பேசுவது?

ஜூலை 18

அக்கா மறுபடி ஓடத் தொடங்கி ஒரு மாதத்துக்கு மேலாகிறது. அதே ரகத்தில் புது ஷூ. இன்று பயிற்சியிலிருந்து வந்தவள், ஷூக்களைக் கழற்றி வியர்வையோடு என் பாடப்புத்தகத்தின் மேலேயே வைத்தாள்.

"போட்டுப் பாருடி, ஆராய்ச்சி."

குண்டைத் தேடி எடுத்தேன். வலது. இடது. இரண்டிலும் ஒரே கோடுவரை எழும்பியது.

அக்கா என் தோள்மேல் சாய்ந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னொரு தடவை போடு."