என் பேரில் நீ படுத்த கட்டில்

நேற்று உன் பேருக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு கொடுத்தார்கள். எஸ்டேட்டில் புதிதாகக் கட்டிய மருந்து ரூமில், லைசால் வாடைக்கு நடுவே வரிசையில் நின்று வாங்கினேன். தற்காலிக ஆட்களுக்கும் இனி வைத்தியம் உண்டாம். லேபர் அதிகாரி வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஆள் கணக்கு எழுதும் புது ரைட்டர் உன் பேரைக் கூப்பிட்டதும் நான் போனேன். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். ஆனாலும் ரேகைதான் வைத்தேன். உன் பேருக்கு எப்போதும் ரேகைதானே.

பத்து வருஷத்துக்கு முன் நீ கேட்ட சீட்டு அது.

பண்ணைக்காட்டுக்குக் கீழே இதே காப்பித் தோட்டத்தில் ஒரே கங்காணியிடம் பழம் எடுத்தோம். நான் பிள்ளையில்லாத விதவை. உன் புருஷன் சிலோனுக்குப் போனவன் திரும்பவில்லை. உனக்கு நாலு வயதில் ஒரு மகள். என் பேர் நிரந்தர ஆட்களின் பட்டியலில் இருந்தது, உன் பேர் இல்லை. தோட்டத்து ஆட்களுக்கு முதலாளி வைத்தியம் பார்க்க வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. அதிலிருந்து தப்பவே உன்னைப் போன்றவர்களின் பேரைச் சில மாதத்துக்கு ஒருமுறை அடித்துவிட்டு, நாலு நாள் வீட்டில் உட்கார வைத்து, புது ஆளாக மறுபடி எழுதுவார்கள். ஆறு வருஷம் வேலை பார்த்தும் நீ புது ஆள்தான்.

உன் வயிற்றில் கட்டி வளர்ந்தது. எஸ்டேட் கம்பவுண்டர் தொட்டுப் பார்த்தார். “இது மாத்திரைக்குக் கேக்காதும்மா. கோடைக்குப் போயி அறுத்து எடுக்கணும்” என்றார். எஸ்டேட் சீட்டோடு போனால் கோடைக்கானல் ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைக்கும், செலவை எஸ்டேட் பார்த்துக்கொள்ளும். நீ ரைட்டரிடம் போய் நின்றாய்.

“பேரு இல்லாதவங்களுக்கு எப்படிம்மா சீட்டு எழுதுறது?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் பார்த்தது பட்டியலைத்தான்.

மறுநாள் எனக்கு வயிற்றுவலி வந்தது. கங்காணியிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு உன்னைப் பார்த்தார். “எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் எதையும் பாக்கல” என்று நடந்துவிட்டார். கம்பவுண்டர் உன் வயிற்றை இன்னொரு தரம் அழுத்திப் பார்த்துவிட்டு, சீட்டுக்கு என் பேரை எழுதினார்.

என் பேர், வயது, என் அப்பா பேர் எல்லாம் உனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தேன். “உங்கப்பன் பேரச் சொன்னாலே எனக்குச் சிரிப்பு வருதுடி” என்றாய். வெள்ளனே லாரி வந்தது. ஏறும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டே சொன்னாய்: “வெரசா வந்துருவேன். அதுவரைக்கும் எம் பேர வச்சுக்க. பிள்ளையப் பாத்துக்க.”

காலையில் கங்காணி உன் பேரைக் கூப்பிடுவார், நான் குரல் கொடுப்பேன். என் பேர் வந்தால், “ஆஸ்பத்திரி” என்று அவரே சொல்லிக்கொள்வார். வரிசையில் நின்ற பெண்கள் அத்தனை பேருக்கும் தெரியும். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

ஒன்பதாம் நாள் பழம் எடுத்துக்கொண்டிருந்தபோது கங்காணி செடிகளுக்கு நடுவே வந்து நின்றார்.

“ஏத்தா, கோடையில இருந்து தாக்கல் வந்திருக்கு. நீ செத்துப் போயிட்டியாம்.”

எனக்கு அழுகை வரவில்லை. கை அதுபாட்டுக்குப் பழத்தைப் பறித்தது. அந்த வரிசையை முடித்துவிட்டுத்தான் கீழே இறங்கினேன்.

உன்னை அங்கேயே புதைத்துவிட்டார்கள், என் பேரில். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று கங்காணியிடம் போனேன். “சொல்லு. எஞ் சோலியும் கம்பவுண்டர் சோலியும் போகும். அது போகட்டும். பொய்ச் சீட்டுன்னு சொல்லி, இருக்கிறவங்க சீட்டையும் நிறுத்திருவாங்களே?” என்றார். அடுத்த லைன் வீட்டில் ஒருத்தி நிறைமாதமாக இருந்தாள். நான் திரும்பி வந்துவிட்டேன்.

என் பேரைச் சிவப்பு மையில் அடித்தார்கள். எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்து உன் குடிசைக்குப் போனேன். பிறகு உன் பேரையும் சில மாதத்துக்கு ஒருமுறை அடித்தார்கள், எழுதினார்கள். ஒரு மழைக்காலம் நெஞ்சில் சளி கட்டி மூச்சு விட முடியாமல் கிடந்தேன். சீட்டு கேட்டுப் போகவில்லை. என்ன பதில் வரும் என்று தெரியும்.

உன் சேலையைக் கொண்டுவந்து கொடுத்த லாரி டிரைவர் ஒன்று சொன்னார். அறுத்த பிறகு இரண்டு நாள் நினைவோடு இருந்தாயாம். நர்ஸ் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டபோதெல்லாம் சரியாகக் குரல் கொடுத்தாயாம். வீட்டில் பிள்ளை இருக்கிறதா என்று கேட்டதற்கு, இல்லை, தோழிக்கு ஒரு மகள் இருக்கிறாள், அவளை அவள் அம்மா பார்த்துக்கொள்வாள் என்றாயாம். அந்த அம்மா என்று உன் பேரைத்தான் சொல்லியிருக்கிறாய். அப்போது அந்தப் பேரில் இருந்தது நான்.

பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் அம்மா பேர் கேட்டார். பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு உன் பேரைச் சொன்னாள். “நீங்கதானா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதில் பொய் எதுவும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பெரியவளானதும் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். அதுவரை சின்னம்மா என்று கூப்பிட்டவள், அன்று முதல் அம்மா என்கிறாள்.

பழ எடுப்பில் இருந்த பழைய பெண்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். புதிதாக வந்தவர்களுக்கு நான் நீதான். வழியில் யாராவது என் பழைய பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பேனா என்று யோசிக்கிறேன். பார்க்கமாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.