பக்கத்து இருக்கையின் பிரேக்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சௌக்கியம் என்று ஆரம்பிக்க ஆசைதான். உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. போனில் சொல்லலாம் என்றால் நம் வீட்டில் சமையலறையில் கிசுகிசுத்தால்கூடக் கூடத்தில் அப்பாவுக்குக் கேட்கும். அதனால்தான் கடிதம். படித்த கையோடு அவருக்கே போன் போட்டு விசாரித்துவைக்காதே, அம்மா மானம் போய்விடும்.

பஸ் ஓட்டுவதை விட்ட பிறகு அப்பா பார்சல் ஆபீஸில் மூட்டைகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருப்பது உனக்குத் தெரிந்ததுதான். பஸ்ஸுக்குக் குறுக்கே பாய்ந்து இறந்துபோன அந்த மனிதர் விஷயத்தில் இவர் மேல் தப்பே இல்லை என்று விசாரணையில் எழுதியே கொடுத்தார்கள். ஊரே சொன்னது. இவர் மட்டும், "இன்னும் முன்னாடியே மிதிச்சிருக்கணும்" என்பதையே பிடித்துக்கொண்டிருக்கிறார். அன்று சாவியைக் கொடுத்துவிட்டு வந்தவர் அப்புறம் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை.

போன மாதம் தெருமுனை டிரைவிங் ஸ்கூல் முதலாளி வீடு தேடி வந்தார். "அண்ணே, நீங்க ஓட்டவே வேணாம். பக்கத்துல உக்காந்து சொல்லிக்கொடுங்க. அதுக்குன்னு ஒரு பயிற்சி இருக்கு, முடிச்சு சர்ட்டிபிகேட் வாங்கிட்டா போதும்" என்றார். அப்பா பிடிகொடுக்காமல் டீ கொடுத்து அனுப்பிவிடப் பார்த்தார். நான்தான் விடவில்லை. நச்சரித்தேன் என்றே வைத்துக்கொள். முதலில் போய்ப் பார்க்கிறேன், பயிற்சியில் சேர்வதா வேண்டாமா என்று அப்புறம் யோசிக்கலாம் என்று ஒருவழியாக இறங்கிவந்தார்.

சேர்வதற்கு முன்னால் ஒரு சோதனை உண்டாம். அதற்கு ஓட்டத் தெரியாத ஓர் ஆளை வீட்டிலிருந்தே கூட்டிவரச் சொல்வது அந்த முதலாளியின் வழக்கம். வீட்டு ஆளுக்கே எரிந்துவிழாமல் சொல்லிக்கொடுத்துவிட்டால் ஊரில் யாருக்கும் சொல்லிக்கொடுக்கலாமாம். நியாயம்தானே? வேறு யார் இருக்கிறார்கள், உன் அம்மாதான் போய் உட்கார்ந்தேன். சிரிக்காதே.

அந்த வண்டியில் சொல்லிக்கொடுப்பவர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கிறது. நான் வண்டியை நகர்த்துவதற்குள் அப்பா அதை மிதித்துவிடுவார். குலுங்கி நிற்கும். மறுபடியும் கிளப்பினால் மறுபடியும் மிதி. பின்னால் உட்கார்ந்திருந்த முதலாளி, "அண்ணே, நீங்களே மிதிச்சுட்டா அண்ணி எப்போ மிதிக்கக் கத்துக்கறது? காலைத் தரையில வைங்க, ஆபத்துன்னா மட்டும் எடுங்க" என்றார். அப்பா காலை இறக்கினார். அப்புறம் பார், அவர் குரலே மாறிப்போயிற்று. "பயப்படாதே. கிளட்ச்சை மெதுவா விடு. ஆங், அவ்வளவுதான்" என்கிறார். கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் அவ்வளவு பொறுமையாகப் பேசியதே இல்லை, சத்தியமாக. ஸ்கூல்காரர்கள் பழக்கும் மைதானத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டேன். அவர் முகத்தில் பழைய களை வந்திருந்தது. அதை ஏன்தான் பார்த்தேனோ என்று இப்போது இருக்கிறது.

மைதான வாசல் பக்கம் திரும்பும்போது ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு குறுக்கே வந்துவிட்டார். ஐயோ என்று அலறி, எப்படியோ பிரேக்கை மிதித்துவிட்டேன். வண்டி நின்றது. அவருக்கு ஒரு கீறலும் இல்லை. அப்பாவின் கால் தரையிலேயே இருந்தது. முதலாளிக்கு ஒரே சந்தோஷம். "அண்ணி மிதிப்பாங்கன்னு நம்பி விட்டீங்க பாருங்க, அதுதாண்ணே வேணும்" என்று அங்கேயே பாஸ் சொல்லிவிட்டார்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அப்பா சொன்னார்: "நம்பி விட்டேன்னு அவன் நினைக்கிறான். நான் விடல. காலை எடுக்கத்தான் பாத்தேன். எழும்பல."

அதைப் பழக்கத்தானே பயிற்சி என்று சொல்லிப் பார்த்தேன். "யார் வீட்டுப் பிள்ளையையோ ஓட்டவிட்டு என் காலைச் சோதிச்சுப் பாக்கச் சொல்றியா?" என்றார். மறுநாள் போய், கண் சரியாகத் தெரியவில்லை என்று ஏதோ சாக்குச் சொல்லிவிட்டு வந்துவிட்டார். முதலாளி நம்பவில்லை. அடுத்த வகுப்பு ஆரம்பிக்கும்வரை இடத்தை வைத்திருப்பதாக என்னிடம் தனியாகச் சொன்னார்.

அடுப்படியில் நின்றாலும் துணி காயப்போட்டாலும் எனக்கு ஒரே நினைப்புதான். நான் மிதித்தது ஒரு நொடி பிந்தியிருந்தால் அவர் கால் எழும்பியிருக்குமோ? இனி அது யாருக்கும் தெரியப்போவதில்லை. நல்லது செய்தோமா கெட்டது செய்தோமா என்றே புரியாமல் தவிக்கிறேன். எனக்காக எழும்பவில்லையே என்று மட்டும் நான் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. நம்பு.

உனக்கு எப்படியாவது லீவு கிடைக்குமா? முதலாளியிடம் வண்டியைக் கேட்டு வைக்கிறேன். நீ ஓட்டு, அப்பா பக்கத்தில் உட்காரட்டும். உனக்கு ஓட்டத் தெரியாததும் நல்லதாய்ப் போயிற்று. வேண்டுமென்று ஏடாகூடமாக எதுவும் செய்துவைக்காதே, ஒழுங்காகக் கற்றுக்கொள், போதும். உனக்கு ஒன்று என்றால் அந்தக் கால் எழும்பும். எனக்குத் தெரியும். அவருக்குத்தான் தெரியாது.

வருகிறேன் என்று மட்டும் அவரிடம் சொல், எதற்கென்று சொல்லாதே. சீக்கிரம் வா அம்மா. எந்தக் குறையும் இல்லாமல் நீ நல்லா இருக்கணும்.

என்றும் உன் நினைவில்,
அம்மா