பேய் இல்லை என்று சாட்சி சொன்னவனுக்கு

மச்சான்,

இன்று காலை பலாபத்வல சந்தியில் ஒரு கடைக்காரர் சாம்பிராணித் தட்டை என் ஆட்டோவுக்குள்ளும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனார். புகை பின் சீட்டில் போய் உட்கார்ந்தது. உட்கார்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும். கலையாமல் ஓர் ஆள் உயரத்துக்கு இருந்தது. "எங்கடா போகணும்?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். பக்கத்து ஆட்டோக்காரன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! திரும்பிப் பார்த்தால் சீட்டு காலி.

நீ போய்ச் சேர்ந்த பிறகு நடந்த ஒன்றை உனக்குச் சொல்ல வேண்டும். போன வாரம் தீர்ப்பு வந்துவிட்டது. ஆனால் எட்டாம் வகுப்போடு நின்றவன் எதையும் நேராகச் சொல்ல மாட்டான் என்று உனக்குத் தெரியும். சுற்றித்தான் வருவேன்.

யட்டவத்தப் பக்கம் ஒரு மசாலா ஸ்டோரில் என் மகள் கிளார்க் வேலைக்குப் போனாள் அல்லவா? மெனேஜர் மாத்தயா, எல்லோரும் ஐயா என்கிற ஆள், வேலை முடிந்ததும் தன் காரில் வரச் சொன்னார். மறுத்தாள். பிறகும் கேட்டார், பிறகும் மறுத்தாள். அதன்பின் அந்த ஆள் ஏசவில்லை, கை நீட்டவில்லை. அவள் மேசையைக் கிராம்பு மூட்டைகளுக்குப் பின்னால், சுவரைப் பார்த்த மாதிரி போட்டார். அவளோடு யாரும் பேசக் கூடாது என்று உத்தரவு. பேசினால் அவர்களுக்கும் வேலை போகும். அவள் காலையில் வணக்கம் சொன்னால், கூட வேலை செய்தவர்கள் அவளுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தார்கள். எல்லோருக்கும் தேநீர் வரும், அவளுக்கு வராது. சில நாள் அவர் சத்தமில்லாமல் வந்து முதுகுக்குப் பின்னால் நிற்பார். பிடரியில் மூச்சுப் படும். திரும்பினால், தூரத்தில் யாரிடமோ மிளகு விலை பேசிக்கொண்டிருப்பார்.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போது தெரிந்தது ஒன்றுதான். ஒரு சாயங்காலம் அவள் வாசலில் நின்று கேட்டாள்:

"அப்பா, நான் ஒங்களுக்குத் தெரியுறேனா?"

"ஒங்கம்மா சைஸ்ல இருக்கிற புள்ள எப்படிம்மா தெரியாம போகும்?" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து வேலைக்குப் போகவில்லை. வீட்டில் சுவரோடு முதுகை ஒட்டித்தான் உட்கார்ந்தாள். கண்ணாடி முன்னால் நின்று கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "பின்னால நிக்கிறாரு" என்பாள். பின்னால் எங்கள் வீட்டுச் சுவர்தான், வேறென்ன.

மூளையுள்ள தகப்பன் டாக்டரிடம் போயிருப்பான். நான் ஒரு சேவலை வாங்கிக்கொண்டு பேயோட்டும் கோடாங்கியான உன்னிடம் வந்தேன்.

வெள்ளிக்கிழமை, வெயில் சாய்கிற நேரம். அவளை நாற்காலியில் உட்கார வைத்து உடுக்கை எடுத்தாய். "யாரு நீ? பேரைச் சொல்லு!" என்று நீ போட்ட அதட்டலில் எனக்கே என் பேர் மறந்துவிட்டது. அவள் தன் பேரைத்தான் சொன்னாள். மறுபடி அதட்டினாய். மறுபடி அதே பேர். பிறகு மெதுவாக, "மாமா, அதை நீங்க ஒருக்கா சொல்லுங்க. அங்க யாரும் சொல்றதில்ல" என்றாள்.

உடுக்கு நின்றுவிட்டது. உன் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். "எந்திரிம்மா, போய் மூஞ்சக் கழுவு" என்றாய். என்னிடம், "இதுக்கு நான் ஆளில்லடா. டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போ. அப்புறம் லோயர்ட்ட போ" என்றாய். சேவலையும் திருப்பிக் கொடுத்துவிட்டாய். அது இன்னும் உயிரோடு திரிகிறது. என்னைக் கண்டால் மட்டும் கொத்த வருகிறது.

மனநல டாக்டர் பார்த்தார், மருந்தும் பேச்சுமாக நாள் போனது. மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்டு வழக்குப் போட்டோம். "கை முறிஞ்சா எக்ஸ்ரே இருக்கு. மனசுக்கு டாக்டர் வேணும், சாட்சியும் வேணும்" என்றார் எங்கள் லோயர் அம்மா. ஸ்டோரிலிருந்து ஒருவரும் வரவில்லை. எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்கோ என் புத்திசாலித்தனம் எப்படியோ எட்டிவிட்டது.

"பெண்ணுக்குப் பேய் பிடித்திருப்பதாக நீரே கோடாங்கியிடம் கூட்டிப் போனீரா, இல்லையா?"

"ஆமாங்க. சேவல்கூட வாங்கினேன்" என்றேன்.

லோயர் அம்மா நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். கோர்ட்டே சிரித்தது. மகள் மட்டும் சிரிக்கிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கை நானே குழி தோண்டிப் புதைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

நீ சாட்சிக்கு வருகிறேன் என்றதும் ஊரில் எத்தனை பேர் தடுத்தார்கள்! பேய் இல்லை என்று கோர்ட்டில் சொன்ன கோடாங்கியை இனி யார் கூப்பிடுவார்கள்? நீ குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு வந்து சாட்சிக் கூட்டில் ஏறினாய்.

"பேய் இருக்கிறது என்று நம்புகிறீரா?" என்று அதே சட்டத்தரணி கேட்டார்.

"நம்புறேங்க. அதனாலதான் இல்லாத எடத்துல இருக்குன்னு சொல்ல மாட்டேன். அந்தப் புள்ளைகிட்ட பேய் இல்ல. உசுரோட இருக்கிற ஆள் மேல பயம் இருந்துச்சு."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

திரும்பி வரும்போது பாதி வழியில் ஆட்டோவை ஓரங்கட்டச் சொன்னாய். மகள் அம்மாவோடு பஸ்ஸில் பின்னால் வந்துகொண்டிருந்தாள்.

"கோர்ட்ல ஒண்ணு சொல்லலடா. அவ தன் பேரைச் சொல்லச் சொன்னாள்ல, அப்ப நிமிந்து பாத்தேன். கண்ண மூடித் தொறக்கிற நேரம், அந்த நாற்காலில யாருமே இல்ல."

"மச்சான், ஒனக்குக் கண்ணாடி மாத்தணும்" என்றேன். நீ சிரிக்கவில்லை.

"இல்ல, இல்லன்னு அத்தனை பேரும் நடந்துக்கிட்டா, ஆளு கரைஞ்சு போயிரும் போலடா. அவகிட்ட சொல்லிராத."

தீர்ப்புக்கு முன்பே நீ நெஞ்சு வலி என்று படுத்தாய், எழும்பவில்லை.

நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது, மச்சான். ஒருத்தியை இல்லாதவளாக நடத்தியதும் காயம்தான், அதற்கு நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு. அவர்கள் மேன்முறையீடு செய்வார்களாம். செய்யட்டும். படியிறங்கும்போது மகள் என் கையைப் பிடித்துச் சொன்னாள்: "அப்பா, வாசிக்கிறப்ப ஜட்ஜ் ஐயா என்னையத்தான் பாத்தாரு."

பிறகு கேட்டாள்: "அன்னிக்கு பஸ்ஸுல இருந்து பாத்தேன். ஆட்டோவ ஓரங்கட்டி மாமா என்ன சொன்னாரு?"

"திங்கப் பணிஸ் வேணும்னாரு" என்றேன். நம்பினாளோ என்னவோ.

நீ சொன்னது என்னோடுதான் இருக்கிறது. அவள் இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள், தம்பியோடு சண்டை போடுகிறாள், வேறு வேலைக்கும் எழுதிப் போட்டிருக்கிறாள். ஆனால் நான் சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது உடனே நிமிர்ந்து பார்ப்பதில்லை. குனிந்து, செருப்பைக் கழற்றுகிற மாதிரி நிற்கிறேன். உள்ளே இருந்து, "என்னப்பா, செருப்பு கால்ல ஒட்டிக்கிச்சா?" என்று அவள் கேட்பாள்.

அதற்குப் பிறகுதான் தலையைத் தூக்குகிறேன்.