வாய் கட்டியவனிடம் கேட்ட கேள்வி

ஆடி 19, திங்கள்

வெயில். மேற்குக் காற்று பேய் மாதிரி. அடுப்பு மூன்று தரம் அணைந்தது. உளுந்து ஒரு படி, அரிசி அரைப் படி, மிச்சத்துக்கு ரேஷன் மக்காச்சோளம். இட்லி மஞ்சளாக வந்தது. கடையில் சாப்பிட்ட ஒருவர், "இன்னாம்மா, இட்லிக்குக் காமாலையா?" என்றார். "கவர்மெண்டுக்கு வந்துச்சுங்க, இதுக்கும் ஒட்டிக்கிச்சு" என்றேன். சிரித்து இன்னும் ரெண்டு வாங்கினார்.

எங்கள் வீட்டுக்காரர் கொடி தைக்கிறார். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வெள்ளைக்காரன் போகிறானாம். நாலு நாளாக மிஷின் சத்தம். நடுவில் சக்கரத்தை எப்படித் தைப்பது என்று தலையைச் சொறிகிறார். "வண்டி சக்கரத்தை வெச்சி அச்சு எடு" என்றேன். முறைத்தார்.

பூக்கடையில் ஒரு சேதி. சோளத்துரை கிருத்திகைக்குக் காவடி எடுக்கிறானாம். ரேஷன் டிப்போ இன்ஸ்பெக்டருக்கு நான் வைத்த பேர் அது. மலை அடிவாரம் முழுக்க இப்போது அதுதான் பேர். குழந்தைக்கு ஜுரம் வந்து பிழைத்ததாம். வாய்ப்பூட்டு வேறு. மஞ்சள் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு, மலைமேல் காவடி இறக்கும் வரைக்கும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. முதல் நாள் வீடு வீடாக மடிப்பிச்சை. போட்டதை வாங்க வேண்டும், ஒரு வீட்டையும் தாண்டக்கூடாது.

முருகா, உனக்குக் கண் இருக்கிறது. என் வாசலுக்கும் வருவான்.

ஆடி 21, புதன்

சாயங்காலம் நாலு தூறல். மண் கூட நனையவில்லை.

இதை எழுதி வைக்கிறேன். மறந்துவிடுவேன் என்று இல்லை. எழுதினால் கொஞ்சம் மனசு ஆறுகிறது.

ரெண்டு வருஷம் முன்னே வைகாசியில் என் பெண் கமலாவுக்குக் கல்யாணம். திருவாலங்காட்டு அண்ணன் அவர் நிலத்து நெல்லைக் குத்தி ஒரு மூட்டை அரிசி அனுப்பினார். முகூர்த்தத்துக்கு முதல் நாள் சோளத்துரை ரெண்டு சேவகனோடு வந்தான். "பதுக்கல்" என்றான். தூக்கிக்கொண்டு போனான். ரசீது கேட்டேன். "நாளைக்கு வா." நாளைக்குக் கல்யாணம்!

மாப்பிள்ளை வீட்டாருக்கு மக்காச்சோள உப்புமாவும் கேழ்வரகுக் களியும் போட்டேன். சம்பந்தி அம்மா இலையைத் தொடாமல் எழுந்தாள். அரிசியை எடுத்துக்கொண்டு போனார்கள் என்று சொன்னால் நம்பவில்லை. ரசீது எங்கே என்கிறாள். இல்லாதவள் சொல்லும் கதையாம்.

அன்றையிலிருந்து கமலா ஆர்.கே.பேட்டையில், மாமியார் வீட்டில். ஒரு தீபாவளிக்குக் கூட அனுப்பவில்லை. அங்கே அவளுக்கு "உப்புமா வீட்டுப் பொண்ணு" என்று பேர். இப்போது ஆறு மாசம் முழுகாமல் இருக்கிறாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரவேண்டும். "அங்க போயி சோளம் துன்னவா?" என்று சம்பந்தி அம்மா சொல்லிவிட்டாளாம்.

அந்த மகராசியே ஞாயிற்றுக்கிழமைக் கிருத்திகைக்கு நாளைக்கே வருகிறாள். தங்குவது நம் வீட்டில். சாமி காரியத்துக்கு மட்டும் நான் சம்பந்தி!

அவளும் இருப்பாள், அவனும் வருவான். அவள் எதிரிலேயே கேட்கிறேன்.

ஆடி 22, வியாழன்

பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடுகிற பஸ், மூன்று மணி நேரம் லேட். சம்பந்தி அம்மா முகமெல்லாம் கரி. கமலா வரவில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரி மலை ஏறக்கூடாதாம். ஏறச் சொன்னது யார்? அம்மா வீடு அடிவாரத்தில்தான் இருக்கிறது.

வந்ததும் சோற்றுப் பானையைத் திறந்து பார்த்தாள்.

"சோறா! நெஜ சோறா! இன்னா சம்பந்தி, இன்னிக்கு யாரும் தூக்கினு போவலியா?"

"நீங்க வரீங்கன்னு தெரிஞ்சி விட்டுட்டுப் போய்ட்டாங்க அண்ணி" என்றேன். பல்லைக் கடித்த சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும்.

ராத்திரிச் சோறு மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டாள்.

டிப்போவில் போன மாசம் போட்ட சோளம் அடியில் கொஞ்சம் இருக்கிறது. நல்ல வண்டு. தனியாக எடுத்து வைத்தேன்.

ஆடி 24, சனி

பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு எழுதுகிறேன்.

காலை பத்து மணி. கடை வாசலில் கூட்டம். சோளத்துரை வந்தான். மஞ்சள் வேட்டி, வெறுங்கால், வாயில் மஞ்சள் துணி. மடியை விரித்துப் பிடித்து நின்றான். பின்னால் பெண்சாதி, இடுப்பில் குழந்தை. அவள்தான் "அரோகரா" சொன்னாள்.

சம்பந்தி அம்மாவைக் கையைப் பிடித்து முன்னால் நிறுத்தினேன். அளக்கிற ஆழாக்கை எடுத்தேன். எடுத்ததும் போட்டிருக்கலாம். நாக்கு சும்மா இருக்கவில்லை.

"யாருங்க அது? வரிசைல வாங்க. கார்டு எங்க?"

நின்றான்.

"வூட்ல எத்தினி தலை? மூணா? கைக்கொழந்தைக்குப் பாதி தான். இது இன்னா வாய்ல துணி? துணிக்குப் பர்மிட்டு இருக்குதா?"

கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். பூக்கடைக்காரி கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"இன்னிக்கி ஸ்டாக் இல்லீங்க. நாளைக்கு வாங்க. நாளைக்கு லீவு. நாளான்னிக்கு வாங்க."

அடிவாரமே சிரித்தது. ரெண்டு வருஷத்தில் எனக்கு இப்படி ஒரு சுகம் கிடைத்ததில்லை. பொய் சொல்லவில்லை.

பிறகு சோளத்தைப் போட்டேன். வண்டு அவன் மடியில் ஓடியது. குழந்தை அதைப் பிடிக்கக் கையை நீட்டியது. பெண்சாதி, "பரவால்லக்கா, சாமிக்குத் தானே" என்றாள். அது கொஞ்சம் சுட்டது. அந்தச் சூட்டிலேயே கேட்டேன்.

"எம் பொண்ணு கல்யாண அரிசிய நீ எடுத்தியா, இல்லியா? இதோ நிக்கறாங்க எங்க சம்பந்தி. சொல்லு!"

சொல்லவில்லை. எப்படிச் சொல்லுவான்? வாய் கட்டியிருக்கிறது.

"தலையையாவது ஆட்டு!"

மலையைப் பார்த்தான். கண்ணை மூடிக் கும்பிட்டான். சிரித்தவர்கள் வாயெல்லாம் மூடிக்கொண்டது. ஒரு கிழவர், "தோ பாரும்மா, சாமிக்கு நேந்துகினு வந்தவன இப்டிப் பேசலாமா? நாக்கு அழுகிப்பூடும்" என்றார். சிரித்த பூக்கடைக்காரியும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சம்பந்தி அம்மா உள்ளே போகும்போது சொன்னாள்: "மூட்டைன்னு ஒண்ணு இருந்தாத்தானே எடுக்கறதுக்கு."

திருப்பிப் பேச முடியாத நாளாகப் பார்த்து அவனை மடக்கினேனே, எனக்கு வேண்டியதே அவன் பேச்சுதான் என்று யோசித்தேனா? வாய் கட்டியவனிடம் பதில் கேட்ட முதல் முட்டாள் நான்.

ஆடி 25, ஞாயிறு. கிருத்திகை

ஜனம், ஜனம், ஜனம். படி தெரியவில்லை, தலைதான். இட்லி எட்டு மணிக்கே தீர்ந்தது.

மலைமேல் அவனைப் பார்த்தேன். காவடி இறக்கி, வாய்த்துணி அவிழ்த்து, "அரோகரா" என்று கத்தினான். தொண்டை கட்டியிருந்தது. அங்கேயே போய்ப் பிடிக்கலாம் என்று ரெண்டு அடி வைத்தேன். வீட்டுக்காரர் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். "சன்னதில வேணாம் பட்டு."

அவன் குழந்தை மொட்டைத் தலையில் சந்தனம். அதன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அப்பன்மேல் குறையவும் இல்லை.

இறங்கும்போது சம்பந்தி அம்மாவுக்கு முழங்கால் பிசகிவிட்டது. டோலியில் கொண்டுவந்தோம். பத்து நாளைக்குப் பஸ் ஏற முடியாது என்றார் வைத்தியர். அவளுக்கு வலி. எனக்குக் கொஞ்சம் சந்தோஷம். முருகா, மன்னித்துவிடு.

ஆடி 27, செவ்வாய்

மேகம் வந்தது, போனது.

முழங்காலுக்கு நொச்சி ஒத்தடம். "சுடுது சம்பந்தி!" "சுட்டாத்தான் எறங்கும் அண்ணி."

வீட்டுக்காரர் கொடிகளைக் கொண்டுபோய்க் கொடுத்தார். பள்ளிக்கூட மைதானத்தில் ஏற்றப்போகிறார்கள். ஏற்பாடு யார்? சோளத்துரை! போன மாசம் வரைக்கும் தொப்பியைக் கழற்றி வெள்ளைக்காரனுக்குக் குனிந்தவன். இப்போது கதர். இவரைப் பார்த்து, "உங்க வூட்டம்மாவுக்கு வாய் நீளம். கடைக்கு லைசென்ஸ் இருக்குதுன்றத ஞாபகத்துல வெச்சிக்கச் சொல்லு" என்றானாம்.

இவர் பயந்து போய்விட்டார். ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டே, "இத்தோட விட்டுடு" என்றார்.

"நம்ம ராஜ்யம் வருதுன்னீங்களே?"

"வருது. அவனுந்தான் கூட வரான்."

அப்புறம் ராத்திரி வரைக்கும் மிஷின் மட்டும்.

யோசனை: திட்டினால் அவன் வாயை மூடிக்கொள்வான். துணி வேண்டியதில்லை. புகழ்ந்தால்? புகழ்ச்சிக்கு மூடின வாயை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை.

ஆடி 30, வெள்ளி

வெயில் இல்லை, நல்ல காற்று. கொடிக்கென்று வந்த காற்று.

காலையிலேயே தலைக்குக் குளித்தேன். ஆடி வெள்ளியும் கூட. சம்பந்தி அம்மா, "நானும் பாக்கணும்" என்றாள். கைவண்டியில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போனோம். வழியெல்லாம் தோரணம். மிட்டாய்க்கு வரிசை. எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர், "இனிமே ரேஷனே கெடையாது" என்றார். இன்னொருவர், "இனிமே அரிசியே கெடையாதுன்னு சொல்லு" என்றார். ரெண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

கொடி ஏறியது. என் வீட்டுக்காரர் தைத்தது. சக்கரம் ஒரு பக்கம் கொஞ்சம் கோணல், எனக்கு மட்டும் தெரியும். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வந்ததில் கோபம், ஏனென்றால் அதே கொடிக்குக் கீழே அவன் நிற்கிறான். "ஜெய்ஹிந்த்" என்று எல்லோரோடும் கத்தினேன். நிஜமாகத்தான் கத்தினேன்.

கூட்டம் கலையும்போது மல்லிகைச் சரம் ஒன்றை எடுத்துக்கொண்டு அவனிடம் போனேன். வீட்டுக்காரர் முகம் வெளுத்தது. கைவண்டி என் பின்னாலேயே.

"ஐயா, அன்னிக்கு ஏதோ புத்தி கெட்டுப் பேசிட்டேங்க. மனசுல வெச்சிக்காதீங்க."

அவன் முதலில் ஒரு அடி பின்னால் போனான். பிறகு சரத்தைப் பார்த்தான். கழுத்தை நீட்டினான்.

"பரவால்லம்மா. நல்ல நாளு."

"உங்க மேல இன்னாங்க தப்பு? எல்லாம் அந்த வெள்ளைக்காரன் பண்ணது. உங்கள மாதிரி நல்லவங்கள அவன் தானே வூடு வூடா அனுப்சான்?"

"அப்டி சொல்லு!" அவன் சுற்றி நின்றவர்களைப் பார்த்தான். குரல் உயர்ந்தது. "எனக்கு மட்டும் ஆசையாம்மா? மேல இருந்து உத்தரவு. எடுன்னா எடுக்கணும். உங்க வூட்டு மூட்டைய எடுக்கறப்ப எம் மனசு இன்னா பாடு பட்டுச்சு தெரியுமா?"

"எந்த மூட்டைங்க?" என்றேன். சத்தியமாகக் குழந்தை மாதிரி கேட்டேன்.

"அதாம்மா, கல்யாண அரிசி. மூட்டை வாய்ல மஞ்சக் கொம்பு கட்டி வெச்சிருந்தீங்களே. சேவகன் கூட, மங்கள காரியம், வேணாங்கன்னான். நான் இன்னா பண்றது? அது போன கவர்மெண்டு. இது புதுசு. பழசெல்லாம் அவங்களோட கப்பல்ல போச்சு."

திரும்பிப் பார்த்தேன். சம்பந்தி அம்மா கைவண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் கொம்பு கட்டியதை நானே மறந்துபோயிருந்தேன். அவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

"கப்பல்ல போனது வெள்ளைக்காரன், ஐயா. அரிசி போவலியே" என்றேன் அவனிடம். "அரிசி எந்த வூட்ல வெந்துச்சின்னு அடிவாரத்துக்கே தெரியும்."

இந்தத் தடவை யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. முதலில் சிரித்தவர் நாக்கு அழுகும் என்று சொன்ன அதே கிழவர். சோளத்துரை கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தான். கழுத்தில் என் மல்லிகை.

வீட்டுக்கு வந்தோம். படுத்த பிறகு சம்பந்தி அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ஆவணி பொறந்ததும் கமலாவ வந்து அழச்சினு வந்துடு. பிரசவம் இங்கியே ஆவட்டும்."

வெளியே போய், உரல்மேல் உட்கார்ந்து அழுதேன். கொஞ்ச நேரம்தான். மாவு அரைக்க வேண்டியிருந்தது.

ரெண்டு வருஷம் என் பெண் வாங்கின பேச்சுக்கு இது போதுமா? போதாது. லைசென்ஸில் கை வைப்பான், வைக்கட்டும். வைத்தால் அது புது கவர்மெண்டில் செய்த தப்பு, கப்பலில் அனுப்ப முடியாது.

ஆடி 31, சனி

அமாவாசை. கூட்டம் இல்லை. இட்லி மஞ்சள்தான்.

கொடியை இறக்க மறந்துவிட்டார்களாம். நன்றாகத்தான் பறக்கிறது.

ஒத்தடம் கொடுக்கும்போது சம்பந்தி அம்மா என் கையைப் பிடித்தாள். மன்னிப்புக் கேட்கப்போகிறாள் என்று நினைத்து முகத்தைப் பெரிய மனுஷி மாதிரி வைத்துக்கொண்டேன்.

"அண்ணி, எங்க ஊர்ல நூல் பங்கீட்டுக்காரன் ஒருத்தன் கீறான். ஆறு மாசமா எங்க தறிக்கு நூல் குடுக்கல. வித்துத் துன்னுட்டான். கேட்டா வாயே தொறக்க மாட்டேன்றான்."

"ஆங்?"

"கமலாவக் கூப்ட வர்றப்ப, அவனண்ட ஒரு தபா வந்து பேசேன்."

ஒத்தடத் துணியைப் பிழிந்தேன். "அவனுக்குப் பூ புடிக்குமா, அண்ணி?"