ஆறும்போது கேட்ட சத்தம்

மார்ச் 4
இன்றைய கூட்டத்தில் மானம் போயிற்று. ஆயிரத்து நூறு டிகிரி உலையில் பலமுறை சுட்டு ஆறவைத்ததில், துறைத் தலைவரின் நிக்கல் கலவை எடை கூடவேயில்லை. என்னுடையது கூடியிருக்கிறது. கூடினால் ஆக்சிஜனைத் தின்று அரிகிறது என்று பொருள்.

"டைட்டானியத்தைக் குறைச்சு, அலுமினியத்தைக் கூட்டி, இட்ரியம் ஒரு சிட்டிகை... சமையல் குறிப்பு மாதிரி இருக்கும்மா," என்றார் தலைவர், என் கலவையைப் பற்றி. எல்லோரும் சிரித்தார்கள். மாதக் கடைசியில் ஒரே ஒரு கலவையைத்தான் டர்பைன் பிளேடாக வார்க்கப் போகிறார்கள். மற்றது குப்பைக்கு. என்னுடையதா? விடுவேனா?

மார்ச் 5
அக்கா போனில்: "துருப்பிடிக்குதா இல்லையான்னு பாக்கவா இவ்ளோ படிச்சே?" துரு இல்லை அக்கா, ஆக்சைடு. சொன்னால் மட்டும் கேட்டுவிடுவாளா.

மார்ச் 9
சுட்ட கலவைத் துண்டுகளைச் செங்கல் மேல் ஆறவைத்துவிட்டு எல்லோரும் டீ குடிக்கப் போவது எங்கள் ஆய்வக வழக்கம். கோபத்தில் நான் போகவில்லை.

டிக். டிக்டிக். பல்லி என்று நினைத்தேன். இல்லை — தலைவரின் துண்டு! ஆற ஆற அதன் மேல்தோல் செதில் செதிலாகத் தெறித்துத் தரையில் விழுந்துகொண்டிருந்தது. அடப்பாவி, தின்றதையெல்லாம் உதிர்த்துவிட்டுத்தான் தராசில் ஏறுகிறாயா?

என்னுடையது வாயைத் திறக்கவில்லை. அலுமினியம் மேலே மெல்லிய ஆக்சைடுத் தோலாகிறது. அதை உரியாமல் பிடித்துவைப்பது அந்தச் சிட்டிகை இட்ரியம்.

மார்ச் 10
தலைவரிடம் சொன்னேன். "சத்தத்தையெல்லாம் ரிப்போர்ட்ல போட முடியுமாம்மா?" சரி, எடையாகவே தருகிறேன்.

மார்ச் 17
புதுத் துண்டுகள். ஒவ்வொன்றும் ஒரு பீங்கான் கிண்ணத்தில். உலையை விட்டு வந்ததும் மூடி போட்டுவிடுகிறேன். உதிர்ந்தது உள்ளேயே கிடக்கும். கிண்ணத்தோடு சேர்த்து எடை. விரலைச் சுட்டுக்கொண்டேன். பரவாயில்லை.

மார்ச் 23
செதில்களையும் சேர்த்தால் அவருடைய கலவை என்னுடையதைப் போல் ஆறு மடங்கு கூடியிருக்கிறது! கணக்கைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டுத் தாளை அவர் மேசையில் வைத்தேன். பயமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

மார்ச் 24
டீ வேளை. எல்லோரும் கிளம்பியபின் தலைவர் இரண்டு கப்போடு வந்தார். ஸ்டூலை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "இன்னிக்கு மூடி வேணாம்மா."

டிக். டிக்டிக். கையிலிருந்த டீயைக் குடிக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என் துண்டின் பக்கம் காதைச் சாய்த்தார்.

"உங்களோடது பேசவே மாட்டேங்குதே."

"பேசாது சார்."

"வார்க்கறவங்களுக்கு நானே போன் பண்ணிடறேன்," என்றார். டீ ஆறிப்போயிருந்தது. இருவரும் குடித்தோம்.